கடைசிக்கு முந்தின படகு

1

உண்மையச் சொல்லிடறேன். என் வாயில எதுவும் தங்காது, அதனால பொறந்த கதை இது. கப்பல் ஏறறதுக்கு மொத நாள் என் பொண்ணு போன் பண்ணினா. "அம்மா, நானும் அவரும் பிரியப்போறோம். அத்தைகிட்ட அவரே சொல்றேன்னிருக்காரு. அதுவரைக்கும் நீ மூச்சு விடாத." அந்த அத்தை, அதான் என் சம்பந்தியம்மா, கூடத்தான் ஏழு நாள் ஒரே அறை. டிக்கெட் எடுத்துக் குடுத்ததே பிள்ளைங்கதான். போன வருஷம், ஒழுங்கா இருந்தப்போ.

வாயில வெச்சிருக்க முடியாதத விரல் வழியா இறக்கி வெக்கறேன்.

2

ஆரம்பம், மொத தடவை: "மரகதப் பச்சையில் மூழ்கிக் கிடந்தது அந்தத் தீவு." கப்பல்ல குடுத்த துண்டுச் சீட்டுலயும் இதேதான் போட்டிருக்கு. அழிச்சாச்சு.

ரெண்டாவது: "கப்பல் கரையை ஒட்ட அங்கே ஆழம் போதாது. இருபது இருபது பேராகச் சின்னப் படகில் கொண்டுபோய் இறக்கினார்கள். எங்கு பார்த்தாலும் இலை. குடை அளவு இலை, முறம் அளவு இலை, மின்கம்பத்தையே மூடிவிட்ட கொடி. மழை நின்ற பிறகும் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன."

இது பரவாயில்ல. இருக்கட்டும்.

(சம்பந்தியம்மா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. கத்தி, கத்திரி, பஞ்சுன்னு எண்ணின பழக்கம் இன்னும் போகல. படகுல உக்காந்ததும் தலை எண்ணுவாங்க. மொதல்ல இவங்கள சிடுமூஞ்சி மாமியாரா எழுதினேன். கதைக்கு வசதி. ஆனா அப்படி இல்லையே, என்ன பண்றது.)

3

"கடைத்தெரு நூறு அடி நீளம்கூட இல்லை. ஓலைத் தொப்பிக் கடை முன் சம்பந்தியம்மா நின்றுவிட்டார்.

'கொஞ்சம் தலையக் குடுங்க சம்பந்தி.'

'எதுக்கு?'

'உங்க தலையும் என் மருமக தலையும் ஒரே அளவு. உள்ள இருக்கறதுதான் வேற.'

'உள்ள இருக்கறது அவ அப்பா குடுத்தது. என்னைச் சொல்லாதீங்க.'

தொப்பி என் நெற்றிவரை இறங்கியது. அதே நேரம் கைப்பையில் போன் அதிர்ந்தது. கப்பலில் சிக்னல் கிடையாது. நாலு நாள் கழித்து அப்போதுதான் கிடைத்திருந்தது. மகள் எழுதியிருந்தாள்: 'அவருக்கு தைரியம் வரலையாம். நீயே பக்குவமா சொல்லிடும்மா.'

'யாரு?' என்றார் சம்பந்தியம்மா.

'போன் கம்பெனிக்காரன். ஏதோ ஆஃபராம்.'"

இங்க ஒண்ணு எழுதினேன்: "அவர் முகத்தைப் பார்த்தபோது என் நெஞ்சு..." நெஞ்சு ஒண்ணும் பண்ணல. தொப்பி இறுக்கமா இருந்துச்சு. அதுதான் ஞாபகம்.

4

"கடைசிக்கு முந்தின படகில் சரியாக இரண்டு இடம் இருந்தது.

'ஏறுங்க சம்பந்தி.'

'நீங்க மாப்பிள்ளையோட அம்மா. உங்களுக்கு முன்னாடி நான் ஏறினா நல்லாவா இருக்கும்?'

'நீங்க என்னை விட மூணு மாசம் பெரியவங்க.'

'அதையெல்லாமா எண்ணி வெச்சிருக்கீங்க? ஏறுங்க.'

'நீங்க ஏறினாத்தான்.'

படகுக்காரன் எங்களுக்குப் புரியாத மொழியில் கத்தினான். என்ன சொல்கிறான் என்பது புரிந்தது. அரைக்கால் சட்டை போட்ட ஒரு கணவனும் மனைவியும் எங்களைத் தாண்டி ஏறி உட்கார்ந்தார்கள். படகு போய்விட்டது.

'பத்து வருஷமா நம்ம இப்படித்தான் நிக்கறோம், ஒவ்வொரு வாசப்படிலயும்' என்றார் சம்பந்தியம்மா."

அடுத்த படகுக்கு நாப்பது நிமிஷம். ஒரு பெஞ்சு. நாங்க ரெண்டே பேர்.

5

முடிவு ஒண்ணு: சொல்லிட்டேன், அவங்க அழுதாங்க. எழுதிப் பாத்தேன். அவங்க அழற ஆளே இல்ல.

முடிவு ரெண்டு: "எனக்கு முன்னாடியே தெரியும் சம்பந்தி"ங்கறாங்க. கதைக்கு பிரமாதமா இருக்கும். ஆனா தெரியாது. தெரிஞ்சவங்க தொப்பிக்கு அளவு பாக்க மாட்டாங்க.

முடிவு மூணு, நடந்தது: நாப்பது நிமிஷமும் கப்பல் சாப்பாட்டுல உப்பு கம்மின்னு பேசினோம்.

என்ன பண்ண? வாயெடுத்தா "சம்பந்தி"ன்னுதான் வருது. அப்படிக் கூப்பிட்ட வாயால இத எப்படிச் சொல்றது? பிள்ளைங்களுக்கு கோர்ட்டு இருக்கு, கையெழுத்து போட்டா பிரிஞ்சுடுவாங்க. நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் யாருன்னு எந்தக் கோர்ட்டு சொல்லும்?

6

இப்ப காலைல மணி பதினொண்ணு. நாளைக்கு இறங்கிடுவோம். எதிர் கட்டில்ல துணி மடிச்சிட்டிருக்காங்க.

"நேத்துலேருந்து அப்படி என்னத்தத் தட்டறீங்க?"

"கதை."

"நான் வரேனா?"

"வரீங்க."

"நல்லவளாவா, கெட்டவளாவா?"

"நர்ஸா."

"முடிவு என்ன?"

"இன்னும் எழுதல."

"குடுங்க, பாக்கறேன்."

கண்ணாடி போட்டாச்சு. கையும் நீட்டியாச்சு.

இவ்வளவு தூரம் படிச்சுக்கிட்டு வந்த நீங்க கோச்சுக்கக் கூடாது. முடிவ உங்ககிட்டதான் விடறதா இருந்தேன். உங்களை விட உரிமை உள்ளவங்க கேட்டுட்டாங்க. ஒரு புள்ளிதான் பாக்கி, வெச்சதும் குடுத்துடறேன்