வட்டத்துக்குள் ஓர் எம்

எட்டு மாதங்களுக்கு முன் செய்த அதே பிளேட்டுக்கு மறுபடி ஆர்டர் வந்திருந்தது. நான்கு மூலைகளிலும் போல்ட் துளை. அளக்கும் மெஷினில் பழைய புரோகிராமைத் திறந்து, வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து, ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். துளையின் இடம் எவ்வளவு விலகலாம் என்று சொல்லும் டாலரன்ஸ் கட்டத்தில், எண்ணுக்கு அடுத்து, வட்டத்துக்குள் ஓர் எம் இருந்தது. கம்ப்யூட்டரில் அந்த இடம் காலி.

அந்த எம் ஒரு சலுகை. துளை குறைந்தபட்ச அளவைவிட எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, அதற்குத் தக்கபடி இடம் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் குற்றமில்லை. போல்ட் எப்படியும் நுழைந்துவிடும். சாஃப்ட்வேரில் அதற்கு ஒரே ஒரு கிளிக். நான் வேறொரு பிளேட்டின் புரோகிராமைக் காப்பியடித்து எண்களை மட்டும் மாற்றியிருந்தேன். அந்தப் பிளேட்டுக்கு எம் கிடையாது.

அப்படித்தான் அன்று அறுபது பிளேட்டுக்கும் மெஷின் சிவப்பு காட்ட, கழிவென்று தள்ளினேன். துளை போட்டவர் என் தங்கையின் கணவர். கைச்சக்கரம் சுற்றும் பழைய டிரில்லிங் மெஷினில் பத்தொன்பது வருஷம் நின்றவர். "மச்சான், போல்ட்டப் போட்டுப் பாத்தேன், வழுக்கிக்கிட்டு உள்ள போகுது. இன்னொரு தடவ பாருங்களேன்" என்று வந்து நின்றார். பார்த்தேன், அதே புரோகிராமில். "மாப்ள, மெஷினுக்கு மாமன் மச்சான்லாம் தெரியாது" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

வயசாகிவிட்டது, கை நிற்கவில்லை என்று அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மெஷின் சொன்னதை அவரும் நம்பிவிட்டார். அதற்கப்புறம் வீட்டுப் பூட்டில் சாவி நுழைக்கக்கூடத் தங்கையைக் கூப்பிட ஆரம்பித்தார். இரண்டு முறை கண் டாக்டரிடம் போய் வந்தார்கள். "கண்ணுல ஒண்ணுமே இல்லையாம்ண்ணே. அப்புறம் ஏன் இப்படி ஆயிட்டாரு?" என்று போனில் அழுதாள். எல்லாம் சரியாகிவிடும் என்று பெரிய மனுஷன் மாதிரி ஆறுதல் சொன்னேன்.

அந்த அறுபதில் ஒன்று என் மேஜையில், காகிதம் பறக்காமலிருக்க வைத்தது, இன்னும் கிடந்தது. எடுத்துத் துடைத்து மெஷினில் ஏற்றினேன். எம்மைப் போட்டேன். மெஷினின் அளவு முனை நான்கு துளைகளையும் நிதானமாகத் தொட்டுத் தொட்டுப் போனது. நான்கும் பச்சை.

சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. மற்ற பிளேட்டெல்லாம் எப்போதோ உருகிப் போயிருக்கும். சொன்னால் என் சீட்டு கிழியும். பிளேட்டை எடுத்துக்கொண்டு பேக்கிங்குக்குப் போனேன்.

அவர் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப என் கைல தப்பில்லையா?"

"இல்ல மாப்ள. தப்பு என்னோடது. இப்பவே போயி மேனேஜர்கிட்டயும் சொல்லிடறேன்."

"எட்டு மாசமா இதத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன் மச்சான்" என்று வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிளேட்டை வாங்கிப் பெட்டிமேல் வைத்தார். பக்கத்து டப்பாவிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்துத் துளைக்கு நேராகக் கொண்டுபோனார். போல்ட்டின் முனை விளிம்பில் டக் டக்கென்று இடித்தது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் இடித்தது.

"நான் புடிக்கட்டுமா?"

"வேணாம். இருங்க" என்றார். துளையையே பார்த்துக்கொண்டு போல்ட்டை மறுபடி இறக்கினார். டக். டக்.