சுக்கான் பிடித்த பஸ்காரர்

ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்குப் படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பது என்ன பாடு என்று அந்தப் பயிற்சியாளரைத்தான் கேட்க வேண்டும். வாரநாட்களில் அவர் பல் டாக்டர். சனிக்கிழமையானால் கால்வாய்ச் சங்கத்தின் தன்னார்வலர்களுக்குப் படகு வித்தை சொல்லித் தருபவர். எத்தனையோ பேரின் கடவாய்ப்பல்லைச் சிரித்த முகத்தோடு பிடுங்கியவரை நம்ம பஸ்காரர் இரண்டே வாரத்தில் கண்கலங்க வைத்துவிட்டார்.

சங்கதி இதுதான். படகின் பின்னால் நின்று சுக்கான் தடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். இது பஸ்காரரின் மண்டைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. ஸ்டியரிங் பிடித்தே காய்த்துப்போன கை. முதல் தேர்வில் நாணலுக்குள் போய்ச் செருகினார். அடுத்ததில் பாலத்தூணுக்கு ஒரு முத்தம். இன்று கடைசி வாய்ப்பு. இதையும் கோட்டைவிட்டால் கரையில் நின்று பாசி அள்ள வேண்டியதுதான். டீச்சரான மகளோ, "எங்கப்பாதான் கேப்டன்" என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்து, நாளைக்குப் பிள்ளைகளைச் சவாரிக்கு அழைத்து வருகிறாள்.

போதாக்குறைக்கு, படகின் முனையில் நின்று வழி சொல்ல வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். "நான் நிக்கிறேன்" என்று துள்ளி ஏறினாள் கூடவே பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த மனைவி.

பஸ்காரர் அவசரமாக டாக்டரைப் பார்த்தார். அவளுக்கு இடமும் வலமும் என்றைக்குமே பிடிபட்டதில்லை. காரில் அவள் சொன்னதற்கு நேர்மாறாகத் திருப்பித்தான் இத்தனை வருஷமும் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

"படகோட கூரை மறைக்கும், பின்னாடி நிக்கிற உங்களுக்கு முன்னாடி ஒண்ணும் தெரியாது. அவங்க சொல்றதுதான் சட்டம்" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

படகு கிளம்பியது. பாலம் நெருங்கியது.

"ஏங்க, இடது! இடது!"

இடது என்றால் வலது. வலது என்றால் தடி... ஐயோ, தடி எந்தப் பக்கம்? தலை கிறுகிறுத்தது. நடப்பது நடக்கட்டும் என்று, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, மனைவி சொன்னதைச் சொன்னபடியே செய்தார். தடியை இடப்பக்கம் தள்ளினார்.

படகு வலப்பக்கம் திரும்பி, தூண்களுக்கு நடுவே வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

"வலது!" தள்ளினார். வளைவு தாண்டியது. "இடது!" நாணல் ஒதுங்கியது. பஸ்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்க முடியவில்லை. காரணம் புரியாமலே அவளும் சிரித்துச் சிரித்துக் கத்தினாள். நோயாளிகளை வாயைத் திறக்கச் சொல்லும் டாக்டர் தன் வாயை மூடவே இல்லை.

கரை சேர்ந்ததும், "அவங்க சொன்னதும் தப்பு, நீங்க பஸ் மாதிரி திருப்பினதும் தப்பு, படகு மட்டும் சரியா வந்திருக்கு!" என்றார் டாக்டர். "பாஸ்தான். ஆனா இவங்க இல்லாம நீங்க சுக்கானைத் தொட்டீங்கன்னா, நான் சங்கத்தை விட்டே ஓடிடுவேன்."

"நான் என்ன தப்பா சொன்னேன்?" என்று மனைவி இடுப்பில் கைவைத்தாள்.

"நீ ஒண்ணும் தப்பா சொல்லலம்மா" என்றார் பஸ்காரர் அவசரமாக. "இனிமே திருத்திக்கவும் வேண்டாம்."

மகள் போனில் வந்தாள். "என்னப்பா ஆச்சு?"

"பாஸ்! பிள்ளைங்ககிட்ட மட்டும் ஒண்ணை மாத்திச் சொல்லிடும்மா. கேப்டன் உங்கம்மா. நான் எப்பவும் போல டிரைவர்தான்."