வேரோடு அனுப்பவும்

மிஸ்டர் அகஸ்டஸ் விம்புஷ் என்னைப் பொய்க்காரி என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்த மனிதர். "அம்மணி, பெண்களின் மென்மையான கண்களுக்கு எல்லாப் பெரணிச் செடியும் அபூர்வமாகத் தெரிவது இயல்பே" என்றுதான் எழுதுவார். படித்ததும் எனக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வரும். என் கண்ணில் என்ன மென்மையைக் கண்டுவிட்டார் அவர்? இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் எங்கள் மளிகைக்கடை மாவு மூட்டையில் ஊரும் புழுவை இருட்டில்கூடப் பொறுக்குகிறேன்.

விம்புஷ் லண்டன் பெரணிச் சங்கத்தின் செயலாளர். பூக்காமல் காய்க்காமல் இலையை மட்டுமே வைத்துக்கொண்டு பிழைக்கிற அந்தச் செடிகள்மேல் பித்துப் பிடித்தவர்கள் நாடு முழுக்க இருக்கிறோம். காகிதத்தில் அழுத்திக் காயவைத்து ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்புவோம். இதற்கு என்ன பெயர், இது எங்கே கிடைத்தது என்று கடிதத்திலேயே கட்டிப் புரள்வோம். யார்க்‌ஷர் மலையில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஜேபஸ் ஹெப்டனின் மனைவி கெசயாவாகிய நானும் அதில் ஒருத்தி. சங்கக் கூட்டத்துக்குப் பெண்கள் வரக் கூடாது. நாங்கள் ஒட்டும் தபால்தலை மட்டும் வரலாம்.

எனக்கும் அவருக்கும் சண்டை கண்ணாடிப் பெரணியால் வந்தது. ஈரப் பாறை இருட்டில் வளர்வது. இலையை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் இருக்கும் விரல் தெரியும். எங்கள் மாவட்டத்தில் அது அடியோடு அழிந்துவிட்டது என்று விம்புஷ் புத்தகமே போட்டிருந்தார். அழித்தது யார் என்று போடவில்லை. லண்டனில் வீட்டுக்கு வீடு கண்ணாடிப் பெட்டியில் பெரணி வளர்க்கும் சீமாட்டிகளும், அவர்களுக்குச் சாக்குச் சாக்காகப் பிடுங்கி விற்ற தடியன்களும்தான். ஆனால் எங்கள் ஊருக்கு மேலே, கிரிம்ஸ் ஓடை அருவிக்குப் பின்னால் ஒரு பொந்தில் அது உயிரோடு இருந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தொப்பலாக நனைந்துபோய் நான் என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கே விம்புஷுக்கு எழுதினேன், எந்த ஓடை என்று மட்டும் சொல்லவில்லை.

"வேரோடு அனுப்பவும்" என்று பதில் வந்தது.

மூன்று வருடம் இதே பல்லவி. வேரில்லாமல் நம்ப முடியாதாம். இருந்ததே ரொட்டி வெட்டும் பலகை அளவு. அதை வேரோடு பிடுங்கினால் மிச்சம் பாறைதானே இருக்கும்? மாட்டேன் என்று எழுதினேன். அவர் மென்மையான கண்களைப் பற்றி எழுதினார்.

என்னை நம்பியவள் ஒரே ஒருத்தி. டெவனில் இருக்கும் மிஸ் லவீனியா ஆர்ப்வுட். கால் ஊனம், வீட்டைவிட்டு அதிகம் நகரமாட்டாள், பாசிகளைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே கிடையாது. ஆனால் ஏழு வருடமாக அவளுக்கு நான் ஓடைப் பாசி அனுப்புவேன், அவள் எனக்குக் கடலோரப் பாசி அனுப்புவாள், கூடவே பக்கம் பக்கமாக வம்பளப்பாள். "அந்தக் கருவாட்டு மூஞ்சிக்குப் பணிந்துவிடாதே கெசயா. நீ பார்த்தேன் என்றால் பார்த்ததுதான். சங்கத்துக்கு நானே எழுதிப் போட்டிருக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

இந்த வருடம் பனிக்கட்டி விழுந்து ஓர் இலை தானாக ஒடிந்து கிடந்தது. அழுத்திக் காயவைத்து விம்புஷுக்கு அனுப்பினேன். கிடைத்த இடம் எழுதாத இலைக்கு எங்களிடம் மதிப்பில்லை, குப்பைதான். ஆகவே இடத்தையும் எழுதி, தயவுசெய்து வெளியே விட வேண்டாம் என்றும் எழுதினேன்.

பதில் வந்தபோது கடையில் பாலாடைக்கட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்தில் மனிதர் குழைந்திருந்தார். மன்னிப்பாம். பேருவகையாம். மாவட்ட நூலின் அடுத்த பதிப்பில் என் பெயர் நிலைக்குமாம். நான் கத்தியோடு கடைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். சர்க்கரை வாங்க வந்த பாதிரியார் மனைவி பயந்து வெளியே போய்விட்டாள்.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். என் கடிதத்தைக் கூட்டத்தில் உரக்க வாசித்தாராம், பலத்த கைதட்டலாம். அடுத்த மாதச் சுற்றறிக்கையில் இடம் உட்பட அச்சேறப் போகிறதாம். பெந்தெகொஸ்தே பண்டிகை விடுமுறைத் திங்கட்கிழமை உறுப்பினர்கள் இருபது பேர் ரயிலில் வருகிறார்களாம். "கவலை வேண்டாம் அம்மணி, ஆளுக்கு ஒரேயொரு வேர்தான் எடுத்துக்கொள்வோம்."

"இருபது பேரா?" என்றார் ஜேபஸ். "நல்லதாப் போச்சு, கேக் போட்டு வைப்போம்."

"அவங்க கேக் திங்க வரலைங்க!"

"ஆளுக்கு ஒரு வேருதானேம்மா கேக்கறாங்க?"

"இருக்கிறது ரொட்டிப் பலகை அளவு. இருபது பேரு ஆளுக்கு ஒரு வாய் கடிச்சா பலகையில ரொட்டி மிஞ்சுமா?"

ஜேபஸ் பலகையைப் பார்த்தார். அதற்குப் பிறகு கேக் பேச்சை எடுக்கவில்லை.

இடத்தை அச்சிட வேண்டாம், வர வேண்டாம் என்று கெஞ்சி எழுதினேன். நான் கெஞ்சினேன், அந்த ஆளிடம்! "அறிவியலில் ரகசியத்துக்கு இடமில்லை அம்மணி. இடம் குறிக்காத பதிவு பதிவே அல்ல" என்று பதில் போட்டார். இவர்கள் படித்த படிப்பில் தீயை வைக்க.

அந்த வாரமே நாட் ஸ்லீ கடைக்குள் நுழைந்தான். லீட்ஸ் சந்தையில் பெரணி விற்கிறவன். தோளில் சாக்கு, கையில் கடப்பாரை.

"ஏம்மா, இந்தப் பக்கம் கண்ணாடிப் பெரணி இருக்காமே?"

"யார் சொன்னா?"

"லண்டன்ல சங்கத்துல சத்தமாப் படிச்சாங்களாம். ஹால்ல நாற்காலி போடறவன் என் மச்சான்தான். ஊர் பேரு காதுல விழுந்துச்சு, எந்த ஓடைன்னுதான் சரியா விழலையாம்."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"அடுத்த மாசம் அச்சுல வந்துடும்ல? துரைமாருங்க திங்கக்கிழமை வருவாங்க. நான் ஞாயித்துக்கிழமையே முடிச்சுடுவேன். அதுவரைக்கும் இங்கதான் ஜாகை. பாலாடைக்கட்டி ஒரு துண்டு குடும்மா, நல்லதாப் பாத்து."

காய்ந்துபோன ஓரத்தை வெட்டிக் கொடுத்தேன்.

விம்புஷ் பதிவைக் கைவிட்டால்தான் பெரணி பிழைக்கும். பதிவு பொய் என்று ஆனால்தான் அவர் கைவிடுவார். மேசையில் உட்கார்ந்து அவருக்கு இப்படி எழுதினேன். அந்த இலை எங்கள் ஓடையில் கிடைத்ததல்ல. அயர்லாந்தில் அது நிறைய வளரும் கெர்ரி பக்கத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் அனுப்பியது. தாங்கள் என்னை நம்பாத கோபத்தில் தங்களை ஏமாற்றினேன். கீழே முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜேபஸ் படித்துவிட்டு வெளுத்துப்போனார். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சேப்பலில் பிரசங்கம் செய்கிறவர்.

"கெசயா, இது பச்சைப் பொய்."

"ஆமாங்க."

"இதை அச்சுல போட்டுடுவாங்க. மோசடிக்காரின்னு ஊரே சொல்லும். அதுக்கப்புறம் உனக்கு ஒருத்தரும் கடுதாசி போடமாட்டாங்க."

"தெரியும்ங்க. வேற வழி இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா வாயை மூடிக்கிட்டுச் சும்மா இருங்க!"

அவர் எழுந்தார். தொப்பியை மாட்டினார். மேசையிலிருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டார்.

"எங்க போறீங்க?"

"தபாலாபீசுக்கு. எழுதினது நீ, போட்டது நானா இருக்கட்டும். பாவத்துல ஆளுக்குப் பாதி."

விம்புஷின் பதில் அடுத்த தபாலிலேயே வந்துவிட்டது. "நான் ஆரம்பத்திலிருந்தே ஐயப்பட்டது தங்களுக்கு நினைவிருக்கும்" என்று தொடங்கியிருந்தார். கெர்ரியில் யார் அனுப்பினார்கள் என்று கேட்கவில்லை. எப்போது என்று கேட்கவில்லை. ஒருதடவை நேரில் வந்து அருவிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போமே என்று தோன்றவில்லை. நான் உண்மை சொன்னபோது மூன்று வருடம் வேர் வேர் என்று உயிரை எடுத்த மனிதர், பொய் சொன்னதும் ஒரே மூச்சில் நம்பிவிட்டார்! கடிதத்தை அடுப்பில் போட்டேன். போதவில்லை. வெளியே எடுத்து மிதித்துவிட்டு மறுபடியும் போட்டேன்.

சங்கம் உறுப்பினர் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்தது. இருபது பேரும் எங்கேயோ தெற்கே வேறு மலைக்குப் போனார்கள். என் மோசடி மட்டும் அச்சில் வந்தது. நாட் ஸ்லீ அதைக் கேள்விப்பட்டுக் கடை வாசலில் நின்று கத்தினான்.

"பிரசங்கம் பண்ற வீட்டுல இப்படி ஒரு பித்தலாட்டமா! என் பொழைப்பைக் கெடுத்தியேம்மா!"

"வாய்யா, வந்து பாலாடைக்கட்டி வாங்கிட்டுப் போ" என்றேன். அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சேப்பலில் ஜேபஸைப் பிரசங்கத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். "தொண்டைக்கு நல்லது" என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு டெவனிலிருந்து ஒரு பார்சல் வந்தது. ஏழு வருடமாக நான் லவீனியாவுக்கு அனுப்பிய பாசிகள் எல்லாம் அதில் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. ஒரு சேதமில்லாமல், தாளுக்கு நடுவே தாள் வைத்துக் கட்டியிருந்தாள். மேலே ஒரு துண்டுக் காகிதம். "உனக்காக நான் எல்லோரிடமும் வாதாடினேன்." கையெழுத்துக்கூடப் போடவில்லை.

உண்மையை எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். ஆனால் லவீனியாவை எனக்குத் தெரியும். படித்த மறுநிமிடமே விம்புஷோடு சண்டைக்குக் கிளம்பிவிடுவாள். எனக்காகத்தான் கிளம்புவாள். விஷயம் வெளியே வந்துவிடும், அடுத்த வாரம் நாட் ஸ்லீ கடப்பாரையோடு அருவிக்குப் பின்னால் நிற்பான். பேனாவைச் சுவரில் எறிந்தேன். அந்த மைக்கறை இன்னும் போகவில்லை.

மறுநாள் காலையில் கிரிம்ஸ் ஓடைக்கு ஏறினேன். அருவிக்குப் பின்னால் நுழைந்து பார்த்தால், அது பாட்டுக்குச் சொகுசாக உட்கார்ந்திருந்தது. பலகை அளவைத் தாண்டி, பக்கத்துப் பாறைக்கும் ஒரு வேரை நீட்டியிருந்தது. அந்த வேரின் நுனியில் சுருண்ட புது இலை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? இந்த நாட்டில் இதைக் கேட்டுத் துள்ளிக் குதிக்கக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அருவிச் சத்தத்தில் நான் எவ்வளவு கத்தினாலும் ஊருக்குக் கேட்காது. கத்தினேன்.

"சனியனே! உன்னால எனக்கு இருந்த ஒரே சிநேகிதியும் போயிட்டா! செத்துகித்துத் தொலைச்சே, அப்புறம் என்னைப் பத்தித் தெரியும் உனக்கு. ஒழுங்கா வளரு!"