சின்ன பைக்கில் எதை எங்கே வைப்பது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்கு எந்த வேண்டுதலும் இல்லை. என் ஸ்கூட்டர் டயரில் ஆணி ஏறியது, பஞ்சர் ஒட்டும்வரை பட்டறையில் காத்திருக்க வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

பட்டறை வாசலில் ஒரு பைக் நின்றிருந்தது. தார் ரோட்டிலும் ஓடும், ரோடே இல்லாத இடத்திலும் ஓடும் என்று சொல்லி விற்கிறார்களே, அந்த ரகம். சின்ன இன்ஜின், ஒல்லி உடம்பு, நெட்டைக் கால், பென்சில் டப்பா அகலத்துக்கு ஒரு சீட்டு. அதில் எங்கெல்லாம் ஒரு போல்ட் போட முடியுமோ அங்கெல்லாம் பையோ பெட்டியோ குழாயோ தொங்கியது. பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல், மடியில் ஹெல்மெட்டோடு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், "இன்னும் ஒரு இன்ச் வெளிய தள்ளிப் பாருங்க" என்று மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். "டூர் போறீங்களா?"

"போய்க்கிட்டேதான் இருக்கோம்" என்றார் அவர்.

அதற்குமேல் பேசவில்லை. என் பஞ்சர் ஒட்டி முடிந்து நான் கிளம்பியபோதும் அந்த டப்பாவை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும், கேட்காமலே, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மற்றதெல்லாம் கற்பனை. அதாவது, எல்லாப் பழியும் என்னுடையது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"மலைப்பாதையின் கடைசி வளைவில் பனி இறங்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சின்ன பைக் —"

எந்த மலை? அவர்கள் இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. பனியை மடித்துத் திரும்ப உள்ளே வைத்தேன்.

இரண்டாவது:

"சாலை என்பது ஒரு —"

வேண்டாம். "சாலை என்பது" என்று தொடங்கினால் நானே படிக்க மாட்டேன்.

மூன்றாவது:

"நாற்பது வயதுக்கு மேல் ஆண்பிள்ளை வாங்கும் பைக்கை நம்பக் கூடாது என்பது அவளுடைய அக்காவின் கருத்து."

இது பரவாயில்லை. ஆனால் அக்கா வந்தால் அத்தான் வருவார், அத்தான் வந்தால் அவருடைய பழைய பைக் வரும், அதன் பெருமை வரும். பத்திரிகையில் எனக்கு ஒதுக்கியிருப்பதோ நாலு பக்கம். அக்காவை வாசலோடு அனுப்பிவைத்தேன்.*

* போகும்போது "நான் சொன்னா யாரு கேக்குறா" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனாள். அதற்கு மட்டும் இடம் கொடுத்திருக்கிறேன்.

சரி, இப்படி: அவளுக்கு ஒரு வாரம் விடுப்பு கிடைத்தது.

3

(கதைக்குள் வந்ததும் "அவர்" "அவள்" ஆகிவிட்டார். பட்டறையில் பார்த்த பெண்மணி இதைப் படித்தால் மன்னிக்கவும்.)

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எல்லார் எலும்பையும் பார்த்தவளால் கணவன் மனசை — அடித்துவிட்டேன். கூசுகிறது.

அவன் பல்செட் செய்கிறவன். வீட்டு முன்னறைதான் வேலையிடம். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து ஒவ்வொரு பல்லாகச் செதுக்குவான். ஒரு பல் மயிரிழை உயர்ந்திருந்தாலும் மறுபடி தேய்ப்பான். வாங்கி ஆறு மாதமாகத் தூசி படிந்து நின்ற பைக்கின் மேல் அந்த மயிரிழைப் புத்தி போய் உட்கார்ந்ததுதான் வினை.

விஷயம் இதுதான். ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போனால் வருகிற ஊரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவளை எக்ஸ்ரே பிரிவுக்குத் தலைவியாகக் கூப்பிட்டிருந்தது. அவள் போகலாம், போகாமல் இருக்கலாம். அவனும் கூடப் போகலாம். பல் எந்த ஊரிலும்தான் விழுகிறது. இதை வீட்டில் உட்கார்ந்து பேச முடியவில்லை. பேச்சை எடுத்தால் யாராவது அழைப்பு மணியை அடிப்பார்கள், இல்லாவிட்டால் அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவான். அதனால் ஒரு வாரம் பைக்கில் மலைக்குப் போவது, அங்கே வைத்துப் பேசி முடிப்பது என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். அப்போது பதில் சொல்லியாக வேண்டும்.

திங்கட்கிழமை காலை அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அவன் பைக்கின் பின்புறம் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு சின்ன கேரியர் மட்டும் போட்டுட்டா நல்லாருக்கும்" என்றான். "மதியத்துக்குள்ள கிளம்பிடலாம்."

4

மெக்கானிக்குக்குத் தெருவில் "அப்பவே" என்று பெயர். எது நடந்தாலும் "நான் அப்பவே சொன்னேன்" என்பார். எப்போது சொன்னார் என்று இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

அப்பவே கேரியர் போட்டுக் கொடுத்தார். கேரியரில் பை ஏறியது. பை உயரத்தில் இருந்ததால் வண்டி ஆடியது. பாரத்தைக் கீழே இறக்க இரண்டு பக்கமும் கம்பிச் சட்டம் தேவைப்பட்டது. வலதுபக்கச் சட்டத்தில் தொங்கிய பை சைலன்சர் சூட்டில் இளகியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகடு. பை மறைத்ததால் இண்டிகேட்டரை வெளியே தள்ள வேண்டும். பாரம் ஏறினால் வண்டி பெட்ரோலைக் குடிக்கும், டேங்க்கோ சின்னது, ஆகவே தனியாக ஒரு கேன். கேன் இடதுபக்கம் இழுத்தது. வலதுபக்கம் எடை வேண்டுமே, அதற்காக மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய், அதற்குள் ஸ்பேனர்கள். ஸ்பேனர்கள் எதற்கு? மேலே சொன்னதெல்லாம் கழன்றால் முடுக்குவதற்கு.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள். மலைக்குக் கொண்டுபோக வேண்டிய சாமான் என்று பார்த்தால் மாற்றுத்துணியும் இரண்டு கம்பளியும்தான். அவற்றைச் சுமக்க மாட்டிய கம்பி, அவற்றைவிடக் கனம்.

புதன்கிழமை சாயங்காலம் இன்னொன்று நடந்தது. பாரம் ஏறி வண்டியின் பின்புறம் தணிந்துவிட்டதால் சைடு ஸ்டாண்டு தேவைக்கு மேல் நீளமாகிவிட்டது. சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி, விறைத்துக்கொண்டு நேராக நின்றது. யாரும் தொடவில்லை. பட்டறை வாசலில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக மறுபக்கம் சாய்ந்து விழுந்தது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் அப்பவே. "குருவி தலையில பனங்காயை வெச்சா, குருவி என்னங்க பண்ணும்?"

"வெச்சது நீங்கதானே" என்றாள் அவள்.

"சார் சொன்னாரு, வெச்சேன்."

அவன் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. விழுந்த வண்டிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு, ஸ்டாண்டில் எவ்வளவு வெட்டலாம் என்று அளந்துகொண்டிருந்தான்.

5

இந்த இடத்தில்தான் எனக்கும் அவனுக்கும் முட்டிக்கொண்டது.

கதையில் ஒருவனை வைத்தால் அவன் ஏதாவது செய்ய வேண்டும் என்பார்கள். இவன் செய்கிறான், செய்துகொண்டே இருக்கிறான், கதை மட்டும் வைத்த இடத்திலேயே நிற்கிறது. பொறுத்துப் பார்த்து, இரண்டு பேரையும் நானே சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காரவைத்தேன்.

"நாம பேசணும்" என்றாள் அவள்.

"ஆமா" என்றான் அவன், கண்கள் கலங்க. "நீ இல்லாம இந்த வீட்டுல நான் —"

இல்லை. இவன் இப்படிப் பேசுகிற ஜாதி இல்லை. மறுபடி எழுதுகிறேன்.

"நாம பேசணும்" என்றாள் அவள். "வெள்ளிக்கிழமை கூப்பிடுவாங்க."

"ஆமா, நானும் பேசணும்னுதான் இருந்தேன்" என்றான் அவன். "அந்தப் பெட்ரோல் கேனைப் பின்னாடி வைக்கிறதா, முன்னாடி வைக்கிறதா?"

சாதத்தில் பாதியை அப்படியே வைத்துவிட்டு அவள் எழுந்து போனாள். எனக்கும் பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து போகத் தோன்றியது.

வியாழக்கிழமை நான் பட்டறையையே மூடிவிட்டேன். எழுதுகிறவனுக்கு இந்த அதிகாரமாவது இருக்க வேண்டாமா. அப்பவேயை வெளியூரில் ஒரு கல்யாணத்துக்கு அனுப்பினேன். இனி என்ன செய்வாய் என்று பார்த்தேன். அவன் வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, பல்செட் தேய்க்கிற மெஷினை வாசலுக்கு எடுத்துவந்து, கம்பிச் சட்டத்தின் பிசிரைத் தானே தேய்க்க ஆரம்பித்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஊதி ஊதி.

அப்போது காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: கோழை. பேச்சிலிருந்து தப்பிக்கப் பை மாட்டுகிறான்.

(இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். அழிக்க வேண்டியிருக்கும்.)

6

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீ போட அலமாரியில் தூள் தேடியவளுக்கு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் கிடைத்தது. பிரித்தாள். ரப்பர் போட்ட இரண்டு இரும்புத் துண்டுகள். துடைத்து, எண்ணெய் தடவி, ஜோடியாக வைத்திருந்தது. பின்சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட்.

அதை ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"இது என்னங்க?"

சாதாரணமாக அவர்களுக்குள் நீ, வா, போ என்றுதான் பேச்சு. "ங்க" வந்தால் நிலைமை சரியில்லை என்று அர்த்தம். அவனுக்கும் அது தெரியும், நிமிர்ந்தான்.

"சைடு சட்டத்தை மாட்ட வேற கெட்டியான இடமே இல்ல. அந்த போல்ட் ஓட்டைதான் தோதா இருந்துச்சு. அதான் கழட்டினேன்."

"நான் காலை எங்க வைக்கணும்?"

அவன் பைக்கைப் பார்த்தான். சீட்டின் பின்பாதியில் பை உட்கார்ந்திருந்தது. கால் இருக்க வேண்டிய இடத்தில், நேற்று அவனே மாட்டின பெட்டிகள் இருந்தன. முதல் தடவையாகப் பார்க்கிறவன் போலப் பார்த்தான்.

நான் எழுதினதை முதலிலிருந்து புரட்டினேன். பை, தகடு, கேன், குழாய், எல்லாவற்றையும் நாலாம் பகுதியில் ரசித்து ரசித்து ஏற்றியிருக்கிறேன். அவளை எங்கேயும் ஏற்றவில்லை. கேரியரில் பை ஏறின நிமிஷமே நான் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் மட்டும் கேட்டீர்களா?

7

கோபத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன்.

அவள் ரயிலேறிவிடுகிறாள். ஜன்னலோர சீட்டு, அவன் பிளாட்பாரத்தில் ஸ்பேனரோடு நிற்கிறான். இதற்குக் கைதட்டு கிடைக்கும். ஆனால் ரயில் நகரும்வரை அவள் கூட்டத்தில் அவனைத் தேடிக்கொண்டிருப்பாள், அதை எழுதாமல் மறைக்க எனக்கு வராது.

அவன் எல்லாவற்றையும் கழற்றி எறிகிறான். இவனா? ஒவ்வொரு நட்டுக்கும் தனித்தனி டப்பா தேடுவான். கழற்றி முடிக்கவே அடுத்த வெள்ளிக்கிழமை ஆகிவிடும்.

சாமான்கள் பைக்கில் மலைக்குப் போகின்றன, அவள் பின்னாலேயே பஸ்ஸில் போகிறாள். எனக்குப் பிடித்தது இதுதான். அவளுக்குப் பிடிக்காது. அவளிடம் எனக்குக் கொஞ்சம் பயம்.

மூன்றும் குப்பைக்கூடைக்குப் போயின. தலையிடாமல் இருந்து பார்த்தேன். அப்போது அவர்கள் பேசிக்கொண்டது இது:

"மலைக்கு ரெண்டு பேரும் போறதாத்தானே பேச்சு?" என்றாள் அவள்.

"மலைக்குன்னுதான் ஆரம்பிச்சேன். நடுவுல எப்பவோ மாறிடுச்சு."

"எதுக்கு மாறிடுச்சு?"

அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"நீ அந்த ஊருக்குப் போனப்புறம் நான் வந்து வந்து பாக்கணும்ல. நடுவுல ரொம்ப தூரத்துக்கு பங்க்கே இல்லாத ரோடு, விசாரிச்சுட்டேன். அதான் கேன். உன் போர்வை, உன் புத்தகம் எல்லாம் ஒவ்வொண்ணாக் கொண்டுவரணும். இடதுபக்கப் பெட்டியில உன் தையல் மெஷினை வெச்சே பாத்துட்டேன். கரெக்டா உக்காருது."

"தையல் மெஷினா?"

"சின்னதுதானே."

 "ரயில் இருக்கே" என்றாள் அவள்.

"ரயில்ல வந்தா விருந்தாளி மாதிரி இருக்கும்."

"நீ கூட வரமாட்டேன்னு யாரு சொன்னது?"

"நீ வான்னு சொல்லலையே" என்றான் அவன். "வேலை வந்திருக்குன்னு சொன்ன. பெரிய ஆஸ்பத்திரின்னு சொன்ன. வெள்ளிக்கிழமைன்னு தினமும் சொன்ன. வான்னு ஒரு தடவகூட சொல்லல."

"அதை வேற சொல்லணுமா?"

இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. ஒற்றை எழுத்து வார்த்தை ஒன்று. அதைச் சொல்லாமல் அவளும், கேட்காமல் அவனும், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதற்கு ஒரு வாரம், ஒரு பட்டறை, இவ்வளவு இரும்பு. இவர்களை நம்பி ஒரு மலை அங்கே சும்மா நின்றுகொண்டிருக்கிறது.

ஓரத்தில் எழுதின "கோழை"யை அழித்தேன். அவள் பக்கத்தில் எழுதலாமா என்று பென்சில் ஒரு நொடி நின்றது. எழுதவில்லை.

8

அப்போது போன் அடித்தது. (சத்தியமாக இது என் வேலை இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவதாக அவர்கள்தான் சொல்லியிருந்தார்கள்.)

அவள் போனை எடுத்து யார் என்று பார்த்தாள். ஆஸ்பத்திரிதான். இன்னொரு கையில் அந்த ஃபுட்ரெஸ்ட் ஜோடி அப்படியே இருந்தது. எண்ணெய் விரல் வழியாக மணிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தலைவி வேலைக்கு அவள் நெஞ்சாரத்தான் ஆசைப்பட்டாள். இதை நான் இதுவரை சொல்லவில்லை, அவளும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவன் வந்து வந்து போகிற ஊராக அதை அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்துப் பார்த்தாள். தையல் மெஷினோடு அவன் வாசலில் வந்து நிற்பதையும், ஞாயிற்றுக்கிழமை மதியம் காலிப் பெட்டிகளோடு கிளம்புவதையும் பார்த்தாள். பார்க்கவே முடியவில்லை.

போன் விடாமல் அடித்தது. அவள் பொத்தானை அழுத்தவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன சொல்லட்டும்?"

அவனிடம்தான் கேட்கிறாள். என் கை துறுதுறுக்கிறது. உங்களுக்கும் நாக்கு நுனியில் ஏதோ இருக்கும். தயவுசெய்து வேண்டாம். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். நாம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருப்போம். அவன் ஏதோ சொல்ல வருகிறான்.