மலையில் மாவு பொங்குமா

என் வீட்டுக்காரர் மாதேஸ்வரனுக்குக் காலில் சக்கரம் என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே யாராவது ஒரு புண்ணியவான் என் காதில் போட்டிருக்கலாம். போடவில்லை. ஓசூரில் கம்பெனி வேலை, அது அலுத்ததும் திருப்பூர், அப்புறம் பெங்களூர், அங்கிருந்து பாலக்கோடு. ஒவ்வொரு ஊரிலும் முதல் மாதம் "இதான் நிம்மி நம்ம ஊரு" என்பார். பால்காரர் நம் முகத்தைப் பழகிக்கொள்வதற்குள் அடுத்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். சேலத்தில் நர்சிங் படிக்கிற எங்கள் மகள் கவிப்பிரியா, சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாளாம்.

அதியமான்கோட்டைக்கு வந்துதான் நான் உட்கார்ந்தேன். ஹைவேயை ஒட்டி ஒரு சின்னக் கடை. இட்லி மாவு அரைத்து விற்கிறேன். இரண்டு கிரைண்டர், ஒரு ஃப்ரிட்ஜ், வாசலில் 'நிர்மலா மாவுக்கடை' என்று போர்டு. தேய்பிறை அஷ்டமிக்கு பைரவர் கோயிலில் கூட்டம் நெரிகிற நாளில் ஹோட்டல்காரர்கள் என் கடை முன்னால் வரிசையில் நிற்பார்கள். மாவுக்கார அக்கா எங்கே என்று கேட்டால் ஊரே கை காட்டும். என் அப்பா வைத்த பேர் ஒரு போர்டில் ஏறினதைப் பார்க்க எனக்கு நாற்பது வயதாயிற்று. எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

அதற்குத்தான் என் வீட்டுக்காரர் வேட்டு வைக்கப் பார்த்தார்.

மார்கழியில் ஒரு நாள், சிசிடிவி கேமரா மாட்டுகிற வேலையாக வத்தல்மலைக்குப் போனார். இப்போதைக்கு அவர் தொழில் அது. அடுத்த வருஷம் என்னவோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நிம்மி, மேல ஒரு வூடு காலியா இருக்குது. காத்துன்னா அதான் காத்து. காபித் தோட்டம், மொளகுக் கொடி, ஞாயித்துக்கெழம ஆனா டூரிஸ்ட் வந்து மொய்க்கறாங்க. ஹோம் ஸ்டே போட்டம்னா ராஜா மாதிரி இருக்கலாம்."

"ஹோம் ஸ்டேன்னா என்னாங்க?"

"வர்றவங்க நம்ம வூட்ல தங்குவாங்க. நீ சமைச்சுப் போடுவ."

"நீங்க?"

"நான் பாத்துக்குவேன்."

எதைப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

அன்றிலிருந்து குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் உலாத்தல். சாப்பிடும்போது மலை, குளிக்கும்போது மலை. ஹைவேயில் ஒரு லாரி ஹாரன் அடித்தால் போதும், "பாரு, இதுல மனுசன் இருப்பானா?" என்று காதைப் பொத்திக்கொள்வார். மூன்று வருஷமாக அதே ஹாரனுக்கு நடுவில் குறட்டை விட்டவர்தான். எனக்கும் நிம்மதி போயிற்று. கிரைண்டரில் உளுந்தைத் தள்ளிவிட மறந்து, கல் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு தடவை பாத்திரம் பண்டத்தைக் கட்டிக்கொண்டு போய், இன்னொரு ஊரில் யாருக்கும் பேர் தெரியாதவளாக நிற்க வேண்டுமா என்பதே நினைப்பாக இருந்தது.

சண்டை போட்டுப் பார்த்தேன். மலையில் சிக்னல் கிடைக்காது, மழை வந்தால் ரோட்டில் மண் சரியும், ஒரு நெஞ்சு வலி என்றால் தர்மபுரிக்கு இறங்குவதற்குள் கதை முடிந்துவிடும் என்றேன். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "ஒருவாட்டி வந்து பாரு."

தை பிறந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது.

"இங்க பாருங்க. எங்க போனாலும் நான் மாவு அரைச்சுத்தான் பொழைக்கணும். மாவுக்குச் சூடு வேணும். ஒரு போசி மாவு எடுத்துட்டு வரேன். ஒரு ராத்திரி மேல இருக்கட்டும். காலைல பொங்கியிருந்தா வூட்டக் காலி பண்ணிட்டு வரேன். பொங்கலைன்னா மலைங்கற பேச்சையே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் உடனே. மாவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அந்தக் குளிரில் அது அரைத்து வைத்தது வைத்தபடிதான் கிடக்கும். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

காலையில் அரைத்து உப்புப் போட்டுக் கலக்கி, தூக்குப்போசியில் பாதி வரைக்கும் ஊற்றி, மூடியைத் துணியால் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் போசியைக் கைக்குழந்தை மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எல்லாம் தானே நட்டு வளர்த்தது போல ஒவ்வொரு மரமாகக் காட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்காரம்மா பேர் கண்ணம்மாள். ஐம்பது வயது இருக்கும். மகன் கான்கிரீட் வீடு கட்டி முடித்த கையோடு பெண்டாட்டி பிள்ளையுடன் திருப்பூருக்குப் போய்விட்டானாம். பக்கத்திலேயே பழைய ஓட்டு வீட்டில் அந்த அம்மா இருந்தார். "ஒரு நாளு இருந்து பாரு கண்ணு, அப்பறம் சொல்லு" என்று சாவியைக் கொடுத்தார்.

புது வீட்டில் எந்த மூலை அதிகக் குளிர் என்று தேடினேன். பின்கதவுக்கு அடியில் விரல் நுழைகிற சந்து, அதில் காற்று சில்லென்று அடித்தது. போசியை அங்கே, வெறும் சிமெண்டுத் தரையில் வைத்தேன். வேணுமென்றேதான் வைத்தேன்.

அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவர் போனைத் தூக்கிக்கொண்டு எங்கோ போய்விட்டார். வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். முதலில் என் காதுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். ஹாரன் இல்லை, பிரேக் சத்தம் இல்லை, "அக்கா அரைக் கிலோ" என்று யாரும் கூப்பிடவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், முந்தானையை உதறினேன், மறுபடி எழுந்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

கண்ணம்மாள் அக்கா கேழ்வரகுக் களியும் கீரையும் கொண்டுவந்தார். "இங்கெல்லாம் இட்லின்னா தீவாளி, பொங்கலுக்குத்தான். இஸ்கூல் டீச்சருங்க ரெண்டு பேரு இட்லிக்கு ஏங்கிச் சாவுதுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். பாழாய்ப்போன மனசு விட்டதா? டீச்சர்கள் இரண்டு பேர், டீக்கடை ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்று அது பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தது. முன்னறையில் கிரைண்டரை எந்தப் பக்கம் வைக்கலாம், கழுவுகிற தண்ணீரை எந்த வழியாக விடலாம் என்று பார்த்துக்கொண்டே வீட்டை ஒரு சுற்று வந்துவிட்டேன். மிளகுக்கொடிப் பக்கமாக நடந்தேன். வேர்வையே இல்லாமல், யாரும் அவசரப்படுத்தாமல், அப்படி நடந்து எத்தனை காலம் ஆயிற்று! எனக்குப் பிடித்திருந்தது. அது பிடித்ததில் எனக்கே என்மேல் கோபம் கோபமாக வந்தது.

பொழுது சாய்ந்ததும் குளிர் எலும்பில் ஏறியது. உள்ளே வந்து போசியைத் தொட்டேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது. மாவு ஒரு விரல்கடை கூட ஏறவில்லை. சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அந்தப் போசிக்குச் சுற்றினேன். போதாது என்று தோன்றியது. தூக்கிக்கொண்டு போய் கண்ணம்மாள் அக்காவின் விறகடுப்புக்குப் பக்கத்தில், வெதுவெதுப்பாக இருந்த சாம்பலை ஒட்டி வைத்தேன். "அடி இவளே, பந்தயம் கட்டினவளே நீதானே!" என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டினேனே தவிர போசியை எடுக்கவில்லை.

விடிந்ததும் ஓடினேன். மாவு போசியின் வாய் வரைக்கும் வந்திருந்தது. எங்கள் ஊரில் மாதிரி வழியவில்லை. ஆனால் கரண்டியை விட்டால் பொத பொதவென்று குமிழி, புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்துவிடலாம், இந்த ஒரு தடவை இந்த மனுஷன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று மனசார நினைத்தேன். போர்டைக் கழற்றி பஸ்ஸில் எப்படி ஏற்றுவது என்றுகூட யோசித்தேன்.

அவர் வீட்டுக்கு மேலே ஒரு பாறையில் நின்று போனை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் போசியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஏறினேன். என்னைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்தார்.

"நிம்மி, இது சரிப்படாது. இந்தப் பாறை மேல ஏறினாத்தான் சிக்னல் ஒரு கோடு வருது. மழை புடிச்சா ரோடு போயிரும். ஒரு நெஞ்சு வலின்னா என்னா பண்றது? ஓசூர்கிட்ட தளி பக்கம் ஒருத்தரு ரோஜாத் தோட்டம் குத்தகைக்கு வுடறாராம். இப்பத்தான் பேசினேன். அங்க காத்து இதவிட..."

நான் சொன்னது அத்தனையையும் ஒன்றுவிடாமல் எனக்கே ஒப்பித்தார்.

"மாவு பொங்கிருச்சுங்க" என்றேன்.

"என்னா மாவு?"

கையிலிருந்த போசியை அப்படியே அந்த ஆள் தலையில் கவிழ்த்திருப்பேன். பாவம், மாவு என்ன செய்தது? பாறையில் வைத்தேன்.

"நான் வரேங்க. நெசமாத்தான் சொல்றேன். கடைய ஏறக்கட்டிட்டு இங்கயே வரேன். நீங்க இருப்பீங்களா? அடுத்த தைக்கு இதே வூட்ல இருப்பீங்களா?"

போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு சிரிப்புச் சிரித்து என் தோளைத் தட்டுவார். அன்றைக்குத் தட்டவில்லை.

"தெரியல நிம்மி" என்றார். "எங்க போனாலும் கொஞ்ச நாள்ல மூச்சு முட்டுது. உன்னாலன்னு நெனைக்காத. ஏன்னு எனக்கே தெரியல."

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொன்னதிலேயே இதுதான் உண்மையான பேச்சு. எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. அந்த இரக்கத்தோடு சேர்ந்தே, இவர் பின்னால் இனி ஒரு அடி வைக்க முடியாது என்றும் தெரிந்துவிட்டது. ஓவென்று அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினார்.

"அப்ப நான் வரலைங்க" என்றேன் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "மலைக்கும் வரல, தளிக்கும் வரல. எனக்கு அதியமான்கோட்டதான். உங்களுக்கு மூச்சு முட்டுறப்ப போங்க. முட்டாதப்ப வாங்க. கதவ நான் சாத்த மாட்டேன். ஆனா இனிமே என்னைய மூட்டை கட்டச் சொல்லாதீங்க."

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, போசியைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார்.

கண்ணம்மாள் அக்கா அடுப்பில் தோசை ஊற்றினேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். மீதி மாவை டீச்சர்களுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். பிடிக்கலையா கண்ணு என்று கேட்டார். ரொம்பப் பிடிச்சிருக்குதுக்கா என்றேன்.

பஸ் இறங்க ஆரம்பித்தது. பாதி வளைவுகள் தாண்டியதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் மட்டும் தளிக்குப் போய் ஒரு மாசம் இருந்து பாக்கட்டுமா?"

"போய்ட்டு வாங்க."

சோத்துக்கு என்ன பண்ணுவீங்க, துணி யார் துவைப்பாங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவரும் நான் கேட்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை.