தெருப்பக்கச் சுவர்

மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் இருபத்திரண்டு வீடுகளும் புதுசாகிவிட்டன. பட்டியக்கா தெருமுனையில் இடுப்பில் கை வைத்து நின்று, வரிசையை ஒரு முறை கண்ணால் அளந்தாள். நட்சத்திர ஹோட்டல் ஒன்றுக்கு அடித்து மிஞ்சிய தந்த நிறம், வெயிலில் கண்ணைப் பறித்தது. ஏழாம் வீட்டு ஜன்னலுக்கு மேலே மட்டும் ப்ரஷ் தடம் கோடு கோடாகத் தெரிந்தது.

"யாருப்பா அது, வெளக்குமாத்தால அடிச்சது?" என்று அவள் போட்ட சத்தத்தில் ஓர் ஆள் மறுபடி ஏணி ஏறினான்.

சுவர் வெடிப்பில் பட்டி வைத்து இழைப்பதில் அவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. பெயர் அப்படி வந்ததுதான். கணவன் போன பிறகு அவனுடைய ஏணிகளையும் ஆட்களையும் அவளே கட்டி மேய்த்தாள். கூடவே அவன் தம்பி இருந்தான். படித்தவன், ஆனால் உயரம் என்றால் பயம். பெயிண்டர் வீட்டில் பிறந்து ஏணியைக் கண்டால் நடுங்குகிறவன் என்று தெரு முழுக்க அவனைக் கேலி செய்வார்கள்.

அவை நூல் மில் தன் ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகள். கட்டிய காலத்தில் நகரம் அவ்வளவு தூரம் வரவில்லை. பிறகு நகரம் வந்து நாலு பக்கமும் வளைத்துக்கொண்டது, மில் மூடியது. வேலை போனவர்களில் நாலு பேர் பெயிண்ட் அடிக்கப் போக, அவர்கள் பின்னால் தெருவே போயிற்று. அன்றிலிருந்து நகரத்தில் எந்தப் பெரிய கட்டடத்துக்கு நிறம் அடித்தாலும், டப்பாவின் அடியில் மிஞ்சியது இந்தச் சுவர்களுக்கு வந்து சேரும். ஆஸ்பத்திரியின் பச்சை ஒரு வீட்டில், சினிமாக் கொட்டகையின் ரோஜா நிறம் பக்கத்து வீட்டில். புதிதாக வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். தெருக்காரர்களுக்கோ அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இப்போது மில்லின் வாரிசுகள் நிலத்தை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். இருபது மாடி எழும்பப் போகிறதாம். மூன்று தலைமுறை இருந்தாலும் வாடகைக்காரன் வாடகைக்காரன்தானே, காலி செய் என்றால் செய்ய வேண்டியதுதான். ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. பழங்கட்டட அலுவலகம் வந்து பார்த்து, இது பழைய தெரு, இடிக்கக் கூடாது என்று எழுதிவிட்டால் கம்பெனி கை வைக்க முடியாது. அதிகாரி அம்மா வருகிறார் என்று தெரிந்ததும் பட்டியக்கா எல்லாரையும் கூட்டினாள். பெயிண்டர் தெருவைப் பார்க்க வருகிறவரை அழுக்குச் சுவரோடா நிற்க வைப்பது?

அதிகாரி நாலு மணிக்கு வந்தார். கைபேசியில் இருந்த படத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"என்னம்மா இது? நான் தப்பான தெருவுக்கு வந்துட்டேனா?"

"இதேதான் மேடம்," என்றாள் பட்டியக்கா பெருமையாக. "நீங்க வர்றீங்கன்னு மூணு நாளா ஒக்காராம அடிச்சோம்."

"இது நேத்துக் கட்டுன மாதிரி இருக்கு. எதைப் பழசுன்னு எழுதுவேன்?" அவர் பேனாவை மூடினார்.

"சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டோமே, அண்ணி," என்று கொழுந்தன் முணுமுணுத்தான்.

பட்டியக்கா புதுச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். சுவர் என்று வந்துவிட்டால் அவளுக்குப் பயம் கிடையாது. "மேடம், ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க, அதுக்குள்ள காட்டுறேன்," என்றாள். உப்புத்தாளை நனைத்துக்கொண்டு, தன் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில், உள்ளங்கையால் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

சரியாகக் காயாத தந்த நிறம் வழித்துக்கொண்டு வந்தது. அடியில் ரோஜா எட்டிப் பார்த்தது. நடுவில் அழுத்தி, ஓரத்தில் கை தளர்த்தித் தேய்க்கத் தேய்க்க, வட்டத்துக்குள் வட்டமாக நிறங்கள் விரிந்தன.

"இது சினிமாக் கொட்டகை. எங்க வீட்டுக்காரர் அடிச்சது," என்று விரலால் தொட்டுக் காட்டினாள். "இந்த வெண்ணெய் கலரு பேங்கு. இந்தப் பச்சை, பெரிய ஆஸ்பத்திரி தெறந்தப்போ மாமனார் அடிச்சது. இந்த வெள்ளைச் சுண்ணாம்பு நாங்க அடிக்கல. காய்ச்சல் பரவுன வருஷம் நகராட்சிக்காரங்க அடிச்சுட்டுப் போனாங்களாம். எல்லாத்துக்கும் அடியில இந்தக் காவி இருக்கு பாருங்க, இது மில்லுக்காரன் கட்டுனப்போ பூசுனது."

அதிகாரி குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டே போனார். "இந்த ஊரே இங்க இருக்கேம்மா," என்றார். மூடிய பேனா திறந்தது.

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. தெருவே தலைகால் தெரியாமல் ஆடியது. பட்டியக்கா நடந்த விதத்தை ஒன்பது பேருக்கு ஒன்பது தடவை சொன்னாள், ஒவ்வொரு தடவையும் அதிகாரி கொஞ்சம் அதிகமாக வாயைப் பிளந்தார். கொழுந்தன் மட்டும் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, தெருப்பக்கச் சுவர் இருபத்திரண்டையும் இடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"அதானே கேட்டோம்?"

"சுவரைத்தான் சொல்லியிருக்கு. பின்னாடி இருக்குற வீட்டப் பத்தி ஒரு வரி இல்ல."

ஏழு மாதம் கழித்து கம்பெனியின் மேஸ்திரி அவளைத் தேடிப் பிடித்தான். சுவர்களை ஆதி நிறத்துக்குக் கொண்டுவர வேண்டுமாம். அந்தக் காவியைக் கலக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்றான். "அது எனக்கே தெரியும்," என்றாள் பட்டியக்கா. நகர எல்லையில் அவர்களுக்குக் கிடைத்திருந்த ஒற்றை அறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினாள். கலவையை இரண்டு முறை திருப்பி அனுப்பி, மூன்றாவதைத்தான் ஒத்துக்கொண்டாள். கை பழைய கைதான். மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் பாதிச் சுவர்களுக்குக் காவி ஏறிவிட்டது.

அவள் வீட்டு முறை வந்தது. ஜன்னலின் ஓரம் அடிக்கப் பலகையைத் திறந்தாக வேண்டும். திறந்தாள். அடுப்படி இருந்த இடத்தில் ஐந்தாள் ஆழத்துக்குப் பள்ளம் கிடந்தது. அதன் அடியில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. சுவர் விழாதபடி பின்னாலிருந்து இரும்புக் குழாய்கள் முட்டுக் கொடுத்து நின்றன. அவள் ப்ரஷைப் பிடித்தபடியே நின்றாள்.

கீழே தெருவிலிருந்து காவலாளி குரல் கொடுத்தான்.

"ஜன்னலை மூடுங்கம்மா. ரோட்டுலேர்ந்து பார்த்தா உள்ள ஆளுங்க குடியிருக்குற மாதிரியே இருக்கணும்னு சொல்லியிருக்காங்க."

அவள் பலகையைச் சாத்தினாள். ப்ரஷை முக்கி, மேலிருந்து கீழே இழுத்தாள்.