பின்னறைக் கூரை

வீட்டை விற்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘நாளைக்கு சார்’. பின்னறைக் கூரையில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. அதைச் சரிசெய்த பிறகுதான் பத்திரப்பதிவு என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். எப்போது கேட்டாலும் நாளைக்கு. இரண்டு மாதமாக நாயாய் அலைந்தேன். அந்த அறை என் அம்மாவுக்கு. இடுப்பு எலும்பு முறிந்த பிறகு எங்களோடு வந்து இருக்க அவள் சம்மதித்ததே பெரிய விஷயம். அவளால் மாடி ஏற முடியாது. கீழே இருந்தது அந்த ஓர் அறைதான்; எங்களுக்கும் மகள் பாப்பாவுக்கும் மாடியில்.

போன வாரம் என் கணவர், “எல்லாம் முடிஞ்சுது, நீ நிம்மதியா இரு” என்றார். சனிக்கிழமை காலை அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனோம்.

கூரை பளபளவென்றிருந்தது. வழுவழுப்பான வெள்ளைப் பலகை, நாலு மூலையிலும் குட்டி விளக்கு. “எனக்கெதுக்குடி இவ்வளவு ஜோடனை?” என்று சிரித்தபடி அம்மா அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. காரை பூசச் சொன்னால் பலகை எதற்கு? அதுவும் நடுவில் லேசாகத் தொங்கியது. அம்மாவை எழுப்பிக் கதவோரம் நிறுத்திவிட்டு, ஒட்டடைக் கம்பால் ஒரு தட்டுத் தட்டினேன்.

தட்டியதுதான் தாமதம். பலகை பிளந்து, தலையணை அளவு காரைப் பாளம் ஒன்று நாற்காலிமேல் விழுந்தது. நாற்காலி நொறுங்கிப் போனது. ஒரு நிமிஷம் முன்னால் அம்மா அதில் உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் பேசிக்கொண்டிருந்த என் கணவரும் நாளைக்கு சாரும் மேஸ்திரியும் ஓடிவந்தார்கள். நான் மேஸ்திரியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

“பூசவே இல்லையா? அப்படியே மூடிட்டீங்களா?”

“பூச ஒரு வாரம் ஆகும்னு சொன்னேம்மா. வீட்டுக்காரர்தான் இப்போதைக்கு மூடிடுன்னாரு.”

நாளைக்கு சார் பக்கம் திரும்பி, வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பெரிய மனுஷனா நீங்க, கொலைகாரனா என்றுகூடக் கேட்டேன். அந்த மனிதர் திருதிருவென்று விழித்தார்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “அவரில்லம்மா. உங்க வீட்டுக்காரர்.”

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்திய மனிதரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

“வர்ற வெள்ளிக்கிழமையோட லோன் கெடு முடியுது. இவரும் இழுத்துக்கிட்டே போறாரு. குடி வந்தப்புறம் நாமளே சரி பண்ணிக்கலாம்னு நினைச்சேன்” என்றார்.

“அம்மா படுக்கப்போற இடம். தெரியுமில்ல?”

“நான் என்ன அவ்வளவு பொறுப்பில்லாதவனா? பாப்பா ரூமா இருந்தா விட்டிருப்பேனா?”

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. எனக்குக் கோபம்கூட அப்புறம்தான் வந்தது.

“எங்களுக்கு இந்த வீடு வேண்டாம்” என்றேன் நாளைக்கு சாரிடம்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“எனக்காக வீட்டை விட்டுடாதடி. நான் கட்டிலை அந்தச் சுவரோரமா போட்டுக்கிறேன். அங்க விழாது.”